சொன்னபடி மட்டும் வெட்டுங்க

பிப்ரவரி 11

இன்றைய பொழுது கேரட்டோடு போயிற்று. சமையல் பள்ளிப் புத்தகத்தில் காய் நறுக்கும் அத்தியாயம் தொடங்கிவிட்டது. அதை எழுதிய பிரெஞ்சுக்காரன் எட்டு வரியில் ஒரு கேரட்டை முடித்துவிடுகிறான். அதை இங்கிலீஷில் கொண்டுவர எனக்கு மதியம் வரை ஆனது. கத்தி பிடிக்கத் தெரியாத ஆளிடம் கத்தி வேலையைக் கொடுத்தால் இப்படித்தான்.

வழக்கம்போல எழுதியதை அவளிடம் கொடுத்தேன். என் மனைவிக்கு பிரெஞ்சு ஒரு சொல் தெரியாது. அதுதான் எங்களுக்கு வசதி. என் இங்கிலீஷை மட்டும் படித்து, அதில் உள்ளபடியே நறுக்குவாள். கணக்கு டீச்சர் ஆயிற்றே, மூன்று மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தால் ஸ்கேலை எடுத்துக் கேரட் பக்கத்தில் வைப்பாள். தட்டில் விழுந்தது மூலத்தில் உள்ள படம் மாதிரி இருந்தால் என் மொழிபெயர்ப்பு பாஸ். இல்லாவிட்டால் மறுபடி எழுத வேண்டும். இதற்கு முன்னால் இரண்டு சமையல் புத்தகங்களை இப்படித்தான் கரையேற்றினோம். ஃபெயிலான காயெல்லாம் சாயங்காலம் எங்கள் வயிற்றுக்குள் போய்விடும்.

இன்று கத்தி அவள் கையை விட்டு நழுவிவிட்டது. கால்மேல் விழாமல் தப்பியது பெரிய விஷயம்.

"பிடி சரியில்லைங்க, வழுக்குது" என்றாள்.

"ஆமா, மட்டமான கத்தி" என்றேன். நல்ல கத்தி. போன மாதம் நான்தான் பார்த்துப் பார்த்து வாங்கினேன்.

பிப்ரவரி 15

இன்று காலை அவள் சட்டைக்கு நான்தான் பொத்தான் மாட்டிவிட்டேன்.

பிப்ரவரி 24

நரம்பு டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். நீளமான பெயர். நான் வாழ்நாளெல்லாம் சொற்களைப் பிரித்துப் பிரித்துப் பிழைத்தவன், அவர் விளக்குவதற்குள்ளேயே எனக்குப் பிரிந்துவிட்டது. தசைக்குச் சாப்பாடு போகவில்லை என்று பொருள். இப்படி ஒரு திறமை எனக்கு இல்லாமல் இருந்திருக்கலாம்.

அவளுக்கு சாக்பீஸ் பிடிக்க முடியாமல் போனபோதே இது தொடங்கியிருக்கிறது. வயசு, களைப்பு, எலும்புத் தேய்மானம் என்று நாங்களே வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லிக்கொண்டோம். முதலில் கை, அப்புறம் நாக்கு, அப்புறம் தொண்டை. இது வேகமான வகையாம்.

அவள் பாடத்திட்டம் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள். "புத்தி?"

"புத்திக்கு ஒண்ணும் ஆகாதும்மா. கடைசி வரைக்கும் தெளிவா இருப்பீங்க" என்றார் டாக்டர்.

நல்ல செய்தி மாதிரிதான் சொன்னார். அவருக்கும் வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லையோ என்னவோ. வரும் வழியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிடி தளர்வாக இருந்தது.

மார்ச் 3

பதிப்பகத்திலிருந்து காற்புள்ளி பேசினார். ஆசிரியர் குழுவில் இருக்கிறார். ஒரு காற்புள்ளிக்காக மூன்று முறை போன் செய்தவர் என்பதால் அவள் வைத்த பெயர். வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்திலிருந்து அவள் கூடாது என்று தலையை ஆட்டினாள். இந்த அத்தியாயத்தை மே கடைசிக்குள் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு நானே முள்ளங்கி ஜாதியில் உருண்டையாக இருக்குமே, அந்த டர்னிப் ஒன்றை எடுத்து, என் இங்கிலீஷைப் பார்த்து நறுக்கினேன். கோணல்மாணலாகத்தான் வந்தது, ஆனால் படம் மாதிரியே இருந்தது. பெருமையாகத் தட்டை நீட்டினேன்.

"செல்லாது."

"ஏன்? பாரு, அதே மாதிரிதானே இருக்கு?"

"விடை தெரிஞ்ச ஆளு பரீட்சை எழுதக் கூடாதுங்க. நீங்க பிரெஞ்சைப் படிச்சுட்டீங்க. இங்கிலீஷ்ல தப்பா எழுதியிருந்தாலும் உங்க கை சரியாத்தான் வெட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது முழுக்க நியாயம்.

அவளே வழியும் சொன்னாள். அவள் படிப்பாள், அவள் சொல்வாள், நான் வெட்ட வேண்டும். எனக்குத் தெரிந்ததை மறந்துவிட வேண்டும். "நீங்க என் கை. கைக்கு மூளை கிடையாது. சொன்னபடி மட்டும் வெட்டுங்க."

மார்ச் 9

இன்று லீக். வெங்காயத்தின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, நீளமாகத் தண்டாக இருக்குமே, அது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தாளை மடியில் வைத்து, ஹெட்மிஸ்ட்ரஸ் தோரணையில் ஆணையிட்டாள்.

"பாதியா வெட்டுங்க."

நீளவாக்கில் பிளக்க வேண்டும், எனக்குத் தெரியும். படத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நான் கைதானே. "எப்படிப் பாதி?" என்று கேட்டேன்.

"நீங்க எழுதினதுல அது இல்லையே. எனக்குத் தோணுறபடி சொல்றேன். குறுக்க வெட்டுங்க."

வெட்டினேன். கழுவு என்றாள், கழுவினேன். மெல்லிசாகச் சீவு என்றாள். சீவச் சீவ வளையல் வளையலாக விழுந்தது. புத்தகத்தில் இருப்பதோ நூல் நூலாக. கடைசியில் ஒரு வளையத்தை என் சுண்டுவிரலில் மாட்டி, "பிரெஞ்சுக்காரனுக்கு அனுப்பி வையுங்க, நிச்சயதார்த்தம்னு நினைச்சுக்குவான்" என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும்.

சிரித்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று புரையேறியது. வாயில் சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை. எச்சில்தான். முகம் சிவந்து, கண் பிதுங்கி — நான் முதுகைத் தட்டுகிறேன், என்ன செய்வதென்று தெரியாமல் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

"நீளவாக்கில்" என்று திருத்தி எழுதிவிட்டேன்.

மார்ச் 10

இனிமேல் அவளைச் சிரிக்க வைக்கக் கூடாதா? யாரிடம் போய்க் கேட்பது இதை?

ஏப்ரல் 2

அவள் பேச்சு குழற ஆரம்பித்துவிட்டது. பால்காரருக்குப் புரியவில்லை, எதிர் வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. எனக்கு மட்டும் எல்லாமே புரிகிறது. முப்பது வருஷமாகக் கேட்ட குரல், உருத் தெரியாமல் போனாலும் அடையாளம் தெரியத்தானே செய்யும்.

வெளியூரில் இருக்கும் மகள் குட்டி போனில் பேசும்போது அடிக்கொரு தடவை, "அப்பா, அம்மா என்ன சொல்றாங்க?" என்கிறாள். நான் எடுத்துச் சொல்கிறேன். புது மொழிபெயர்ப்பு வேலை, கூலி இல்லை.

இன்று அதிலும் மாட்டிக்கொண்டேன். மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு வேறு தேடப் போகிறாராம். இவள் படபடவென்று ஒரு மூச்சு பொரிந்து தள்ளினாள். நான், "யோசிச்சுச் செய்யச் சொல்றா" என்றேன். இவள் மேஜையை முழங்கையால் இடித்தாள். என்னைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக, சிரமப்பட்டு: "நான் அப்படியா சொன்னேன்? சொன்னதைச் சொல்லுங்க."

"அறிவு கெட்டவனா அவன், கையில ஒரு வேலை இருக்கறப்பத்தான் இன்னொண்ணு தேடணும்னு சொல்றா" என்று சொன்னேன்.

மறுமுனையில் குட்டி சிரித்தாள். "அதுதான் அம்மா" என்றாள்.

ஏப்ரல் 19

தோற்பதற்கு முன்னால் ஒரு நாளாவது ஜெயிக்க வேண்டாமா? இன்று ஜெயித்தேன்.

புத்தகத்திலேயே பொடியான நறுக்கல் இதுதான். கேரட்டை மெல்லிய பலகையாக்கி, பலகையைத் தீக்குச்சியாக்கி, தீக்குச்சிகளைச் சேர்த்துப் பிடித்துக் குறுக்கே அரிந்தால் இரண்டு மில்லிமீட்டர் கட்டங்கள். கல்கண்டை உடைத்துப் போட்ட மாதிரி மினுமினுவென்று இருந்தது. நம் பேச்சில் அரிவது, சீவுவது, வகிர்வது, கொத்துவது என்று எத்தனை இருக்கிறது! இங்கிலீஷ் ஒன்றிரண்டு சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுகிறது. அவள் சொல்லச் சொல்ல வெட்டினேன். ஒரு திருத்தம்கூட வரவில்லை.

அவளுக்கு இப்போதெல்லாம் பெரிய துண்டு இறங்குவதில்லை. கொஞ்ச நாளாகவே நான் எல்லாவற்றையும் சின்னதாக, இன்னும் சின்னதாக நறுக்கித்தான் கொடுக்கிறேன். இதைவிடச் சின்னதாக உலகத்தில் யாராலும் நறுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். வேகவைத்து, வெண்ணெய் போட்டு ஊட்டினேன். மூன்று கரண்டி சாப்பிட்டாள். "இனிப்பா இருக்குங்க" என்றாள்.

ஏப்ரல் 22

காய்ச்சல். மூச்சு கரகரவென்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன்.

ஏப்ரல் 24

நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றார்கள். பிறகு விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தார். அவள் அவருக்கு அதற்குள் 'தொண்டை டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டாள். கடைசியாக என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் சொன்னேன். எவ்வளவு பொடியாக நறுக்கினேன் என்பதை விரலால்கூடக் காட்டினேன். அவர் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன், மடையன்.

"ஐயா, பொடிப் பொடியா உதிர்ற மாதிரி இருந்தாத்தான் ஆபத்து. பலம் இல்லாத நாக்கால அதையெல்லாம் ஒண்ணு சேர்க்க முடியாது. சிதறி, ஒண்ணு ரெண்டு மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். மசிச்சு, ஒரே உருண்டையா இருந்தாத்தான் சேர்ந்து இறங்கும்."

அந்த மினுமினு கட்டங்கள் — ஒவ்வொன்றையும் நான்தானே — அவள் இனிப்பா இருக்குன்னு சொன்னாளே. கடவுளே, நான் என்ன பண்ணிட்டேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். தொண்டை டீச்சர் போன பிறகு, ஆக்சிஜன் முகமூடியை விலக்கச் சொன்னாள். "நல்லாத்தான் நறுக்கினீங்க" என்றாள்.

நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

மே 2

வீடு வந்தாயிற்று. எல்லாம் மசியல்தான் இனி. நானும் அதையேதான் சாப்பிடுகிறேன். நான் கடித்து மென்று தின்பதை அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க என் மனசு கேட்கவில்லை.

"உங்களுக்கென்ன, பல்லு இருக்குல்ல?" என்கிறாள்.

"இருக்கு. ஓய்வு கொடுத்திருக்கேன்" என்றேன்.

மே 11

அத்தியாயத்தின் கடைசிப் பாடம். உருளைக்கிழங்கைச் சின்னப் பீப்பாய் மாதிரி செதுக்க வேண்டும். சரியாக ஏழு பக்கம் இருக்க வேண்டும் என்கிறான். தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். படித்ததும் அவள் கண் விரிந்தது.

"ஏ... ழா?"

"ஏழுதான்."

அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன், பல நிமிஷம் ஆயிற்று சொல்லி முடிக்க: "ஸ்கேலையும் காம்பஸையும் வச்சு வட்டத்தை ஆறாப் பிரிக்கலாம், எட்டாப் பிரிக்கலாம். ஏழா மட்டும் பிரிக்கவே முடியாது. கணக்குல நிரூபிச்சிருக்காங்க. அவனுக்கு யாராவது சொல்லுங்க."

கண்ணால்தான் சிரித்தாள். நான் பயந்துகொண்டே அவள் தொண்டையைப் பார்த்தேன். புரையேறவில்லை.

என் கிழங்குக்கு ஒரு பக்கம் அதிகமாகிவிட்டது. செதுக்கச் செதுக்கக் கிழங்கு போய்ச் சேர்ந்ததே தவிர ஏழு வரவில்லை. ஆனாலும் இங்கிலீஷ் சரியாக இருக்கிறது என்று அவள் பாஸ் போட்டுவிட்டாள். காற்புள்ளிக்கு இன்றே அனுப்பிவிட்டேன்.

மே 21

மறுபடியும் காய்ச்சல், மறுபடியும் ஆஸ்பத்திரி. மசியலும் வழி தப்பி மூச்சுக்குழாய்க்குள் போகிறது. உடம்பு பாதியாகிவிட்டது, தூக்கினால் கனமே இல்லை.

வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைக்கலாம் என்கிறார் டாக்டர். வாய் வழியாக ஒன்றும் வேண்டாம், நேராக இரைப்பைக்கே போய்விடும். இன்னும் சில மாதம், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வருஷம்கூட. வைக்காவிட்டால் சில வாரம். மூச்சு இறங்கிக்கொண்டே வருகிறது, அதனால் இப்போதே முடிவு செய்ய வேண்டுமாம்.

ஒரு வருஷம்! எனக்கு அதைக் கேட்டதும் ஆசை பற்றிக்கொண்டது. குட்டியும் கிளம்பி வருகிறாள்.

மே 23

நடந்ததை நடந்தபடியே எழுதிவிட வேண்டும்.

காலையில் டாக்டர் வந்தார். கட்டிலுக்கு ஒரு பக்கம் குட்டி, இன்னொரு பக்கம் நான். டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கிவிட்டு, "அம்மா, குழாய் வச்சுடலாமா? உங்க சம்மதம் வேணும்" என்று கேட்டார்.

அவள் பேசினாள். மற்றவர்களுக்கு அது வெறும் முனகல். டாக்டர் என்னைப் பார்த்தார், குட்டி என்னைப் பார்த்தாள். "அப்பா, அம்மா என்ன சொல்றாங்க?"

எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "வேண்டாம். போதும். வாய்ல வச்சுத் தர்றதைத் தாங்க, எவ்வளவு போகுதோ போகட்டும்."

அந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். வைக்கச் சொல்றா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. டாக்டர் எழுதிக்கொண்டிருப்பார். குட்டி அம்மாவைக் கட்டிக்கொண்டிருப்பாள். எனக்கு ஒரு வருஷம் கிடைத்திருக்கும். சொல்லிடுடா, சொல்லிடுடா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக நான் கொண்டுவந்து கொடுத்ததில் என் மொழிபெயர்ப்பு மட்டும்தான் அவளுக்குத் தெரியும், மூலம் தெரியாது. இன்றைக்கு இரண்டும் தெரியும்.

"வேண்டாம்கிறா" என்றேன். மீதியையும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை, எதையும் சேர்க்கவில்லை.

டாக்டர் குனிந்து, "அவர் சொன்னது சரிதானா அம்மா? சரின்னா கண்ணை ஒரு தடவை மூடித் திறங்க" என்றார்.

தப்பு என்று சொல்லிவிட மாட்டாளா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். மூடித் திறந்தாள்.

மே 24

குட்டி என்னோடு பேசவில்லை. கேன்டீனில் வைத்து ஒரே ஒரு முறை வெடித்தாள். "உங்களுக்கு அம்மா வேணும்னு தோணலையாப்பா? நீங்க ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா..."

"தோணுச்சும்மா" என்றேன். "மாத்திச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்."

அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் அவள் தலையில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை.

மே 31

வீட்டில்தான் இருக்கிறோம். குட்டியும் லீவு போட்டுவிட்டு இருக்கிறாள். தொண்டை டீச்சர் வந்து இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். தலையை எப்படி உயர்த்திப் பிடிப்பது, கரண்டி நுனியில் எவ்வளவு, அடுத்த வாய்க்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது. வயிற்றை நிரப்புவதற்காக அல்ல, ருசிக்காக என்றார்.

குட்டி கேரட்டை வேகவைத்து, மசித்து, வடிகட்டி, இன்னொரு முறையும் வடிகட்டினாள். நாக்கில் ஒரு பொட்டு வைத்தாள். அம்மா நெடுநேரம் வாயை மூடி வைத்திருந்தாள். பிறகு ஏதோ சொன்னாள். குட்டி என் பக்கம் திரும்பினாள்.

"உப்பு பத்தலையாம்" என்றேன்.

குட்டி அழுதுகொண்டே உப்பு எடுக்கப் போனாள்.

ஜூன் 13

குரலும் நின்றுவிட்டது. கண்தான் பேசுகிறது. அதையும் நான்தான் சொல்கிறேன். சரியாகச் சொல்கிறேனா என்று அவள் கண்ணையே கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 20

இன்று நாக்கில் வைத்தது வெண்ணெய். பிடித்திருந்தது.

ஜூன் 22

தேன் ஒரு பொட்டு. உதட்டில் மட்டும்.

ஜூலை 6

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றி அனுப்பியாயிற்று. அவள் கட்டிலைக் குட்டி ஜன்னல் ஓரத்திலிருந்து நகர்த்தினாள். தரையில் கட்டில் கால்கள் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

குட்டி நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறாள். மாப்பிள்ளைக்குப் புது வேலை கிடைத்துவிட்டதாம், பழையதை விடுவதற்கு முன்னாலேயே. சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அப்பா, கேரட் இருக்கு. எப்படி நறுக்கட்டும்?"

ஒரு அத்தியாயம் முழுக்க இதையேதான் எழுதினேன். எனக்கு ஒரு வழியும் நினைவுக்கு வரவில்லை.

"உனக்கு எப்படி வருதோ அப்படி நறுக்கும்மா" என்றேன்.

தட்டில் வைத்தாள். பெரிய பெரிய துண்டு, ஒன்று போல ஒன்று இல்லை, வேக்காடும் பத்தவில்லை. எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன். நறுக்கென்ற அந்தச் சத்தம் வீடெல்லாம் கேட்டது. எத்தனை மாதமாக இந்த வீட்டில் யாரும் எதையும் மெல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அப்படியே நிறுத்திவிட்டேன்.

குட்டி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள்.

"சாப்பிடுங்கப்பா" என்றாள்.

மென்றேன்.